அடி அண்ணாமலையில் நிற்கும் ஆட்டோ

1982ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஐப்பசி மாதத்துப் பக்கம் ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மாமா வண்டி இன்றும் அடி அண்ணாமலையில் நின்றது. காரணம் தெரியவில்லை." தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஆயுத பூஜை கழிந்து, தீபத்துக்குக் கொடியேறுவதற்கு முன் என்பது மட்டும் நிச்சயம்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். அரிசி மண்டிக்காரர் ஒருவரின் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றி வருவதுதான் அவருக்குக் கிடைத்த நல்ல சவாரி. அந்த ஐப்பசியில் அதுதான் கெட்டது.

தேரடியில் கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டும்வரை ஒரு குறையும் இருக்காது. மலைச்சுற்றுப் பாதையில் திரும்பி அடி அண்ணாமலையை நெருங்கும்போது சத்தம் விட்டு விட்டு வரும். மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பார்கள். வண்டி உதறும், இருமும், கோயில் பக்கமாக வந்து நின்றுவிடும். மாமா இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். பிறகு கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து இழுத்தால் உடனே கிளம்பும். ஊர் வந்து சேரும்வரை மறுபடி நிற்காது.

"சாமிய கண்டுக்காம போறேன்ல, அதான் நிறுத்தி வைக்குது" என்றார் மாமா.

மெக்கானிக் பிளக்கைத் தேய்த்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். "என் ஷெட்ல நல்லாத்தானே ஓடுது? உனுக்குத்தான் ஓட்டத் தெரில" என்று அனுப்பிவிட்டார். ஊருக்குள் சின்னச் சவாரிகளில் கோளாறே வராததும் உண்மைதான்.

விஷயம் மண்டிக்காரர் காதுக்குப் போனது. வீட்டு வாசலிலேயே வந்து நின்றார்.

"தீபத்துக்கு ஜனம் ஜாஸ்தி வரும். நின்னுபோற வண்டிய வச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது? ஞாயித்துக்கிழம நானே ஏறி மலைய ஒரு சுத்து வரேன். வழில நின்னுச்சின்னா சாவிய குடுத்துடு. வேற ஆள் ரெடியா இருக்கான்."

அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது. வண்டி இடத்தைப் பார்த்து நிற்கிறதா, தூரத்தைப் பார்த்து நிற்கிறதா? "மாமா, ஒரு தடவ காஞ்சி ரோடு வழியா தலகீழா சுத்திப் பாக்கலாமா?" என்றேன்.

"மலைய இடமா சுத்தறதா? பூஜ போட்ட வண்டி மச்சான் இது! படிச்சா புத்தி இப்டியா போவும்?"

சரி, மலையே வேண்டாம் என்று வேலூர் ரோட்டில் போகலாம் என்றேன். மறுநாள் காலை போனோம். ஏறக்குறைய அதே தூரத்தில் வண்டி உதறியது, இருமியது, நின்றது. நான் சந்தோஷப்பட்டேன், மாமா இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார். பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருந்தது.

"பாத்தியா? இங்கயும் ஒருத்தி ஒக்காந்துங்கிறா."

எங்கள் பக்கத்தில் எங்கே வண்டி நின்றாலும் பத்தடியில் ஒரு சாமி இருக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அன்று கையில் கற்பூரம் இல்லை. மாமா வழக்கம்போல மூடியைத் திறந்து குச்சி விட்டார். திறக்கும்போது உஸ் என்று ஒரு சத்தம். மூடியைப் போட்டுவிட்டு இழுத்தார். உடனே கிளம்பியது. கற்பூரம் காரணமல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தம் என்னவென்றுதான் தெரியவில்லை.

வீட்டில் அதைச் சொன்னேன். அக்கா அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"எண்ண டின்னுல ஒரு ஓட்ட மட்டும் போட்டா எண்ண எப்டி வரும்?"

"சொட்டு சொட்டா" என்றேன்.

"அப்பால நின்னுடும். காத்து போவ ரெண்டாவது ஓட்ட வேணும். உங்க டேங்குல அது எங்க கீது?"

மூவரும் வாசலுக்கு வந்தோம். மாமா சீட்டைத் தூக்கினார். டேங்க் மூடியின் நடுவில் காய்ந்து இறுகிய சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜையன்று அக்கா எஞ்சின், டூல் பெட்டி, ஜாக்கி வரைக்கும் எதையும் விடாமல் பொட்டு வைத்திருந்தாள். காற்று போக மூடியில் விட்டிருந்த துளை அதற்கடியில் அடைபட்டிருந்தது; திறக்கும்போது உஸ் என்று உள்ளே போனது அந்தக் காற்றுதான்.

"கெட்டியா வச்சாத்தான் உதிராதுன்னு..." என்று இழுத்தாள் அக்கா.

"உன் பக்தில என் பொழப்பு போயிருக்கும்டி" என்றார் மாமா. ஆனால் அவரும் சந்தனத்தைச் சுரண்ட விடவில்லை. பூஜைப் பொட்டு தானாகத்தான் உதிர வேண்டுமாம். கடைசியில் அக்கா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, குங்குமத்தின் நடுவில் குத்தித் துளையை மட்டும் திறந்துவிட்டாள். பொட்டும் அழியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்காரர் பின்சீட்டில் ஏற, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரமணாசிரமம் போனது. பாதை திரும்பியது. அடி அண்ணாமலை கோயில் தெரிந்ததும் மாமாவின் தோள்கள் விறைத்துக்கொண்டன. நான் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது மாறவில்லை.

"இன்னாய்யா, கோயில்ல நிறுத்தி ஒரு கும்புடு போட மாட்டியா?" என்றார் மண்டிக்காரர்.

"நின்னா சாவிய கேப்பீங்களே" என்றார் மாமா, திரும்பாமலே.

மண்டிக்காரர் சிரித்துவிட்டார். ஓடும் வண்டியிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். தேரடியில் இறங்கும்போது, "தீபத்துக்கு நீயே ஓட்டு" என்றார்.

வீடு திரும்பும் வழியில்தான் மாமா ஒன்றைச் சொன்னார். சனிக்கிழமை எங்களிடம் சொல்லாமல் மெக்கானிக்கிடம் போய்ப் புது பிளக் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. துளையைச் சந்தனத்தால் மறுபடி அடைத்து, புது பிளக்கோடு ஒரே ஒரு தடவை வேலூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன்.

"ஆராய்ச்சி உனுக்கு மச்சான். வண்டி எனுக்கு" என்றார்.

அதன்பின் அந்த வண்டி அப்படி நிற்கவில்லை. நிறுத்தியது சந்தனமா, பழைய பிளக்கா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.