மீனுக்குப் பொட்டு

வடக்கனந்தல் அமிர்தத்துக்கு மீன் பிடிக்கத் தெரியாது. மீன் வாடையே அவளுக்கு ஆகாது. ஆனாலும் விரால் பிடிக்கிறவர்கள் தூண்டிலில் கட்டுகிற மரமீன்களுக்குக் கண் திறந்துவிட்டவள் அவள்தான். இதைச் சொன்னால் கள்ளக்குறிச்சியில் இன்றைக்கும் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

முப்பத்திரண்டு வயதுவரை அவள் செய்ததெல்லாம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டதும் களை பிடுங்கியதும்தான். எண்பத்தேழாம் வருஷம் கடைவீதி போட்டோ ஸ்டுடியோ சிவசங்கருக்கு ஒரு புது வேலை வந்தது. படங்களுக்கு வர்ணம் பூச அவரிடம் பேனா மாதிரிப் பிடித்து அடிக்கிற சின்ன ஸ்பிரே ஒன்று இருந்தது. தூண்டில் சாமான் விற்கும் சென்னைக்காரர் ஒருவர், கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய பொய்மீன்களை அனுப்பி, வர்ணம் அடித்துத் தரச் சொன்னார். அடிப்பது சிவசங்கர். அதற்கு முன்னால் வர்ணம் படக்கூடாத இடத்தையெல்லாம் டேப் ஒட்டி மறைப்பது, அதற்கென்றே அவர் வேலைக்கு வைத்துக்கொண்ட அமிர்தம். முக்கியமாகக் கண். பாவாடையில் வைத்துத் தைக்கிற வட்டக் கண்ணாடிச் சில்லுதான் அந்த மீனுக்குக் கண். அது மின்னினால்தான் விரால் ஏமாறுமாம்.

அமிர்தத்துக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. வரப்பில் நின்று அதட்ட ஆள் கிடையாது. சாயங்காலம் வீடு திரும்பும்போது முதுகு நேராக இருந்தது.

அப்படியிருக்க, முதலில் அனுப்பிய மீன்களெல்லாம் திரும்பி வந்தன. டேப்பை பிளேடால் வட்டமாக அறுப்பது லேசுப்பட்ட காரியமா? ஓரம் கோணிக்கொண்டு, சில மீன் முறைத்தது, சில மீனுக்கு நொள்ளைக்கண். சிவசங்கர் கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா மீன் வேலைய மூட்ட கட்டிடுவேன். நீ கழனிக்கே போயிடும்மா" என்றார்.

அடுத்த மீன்கள் வந்து சேர்ந்த வாரம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. பஸ் இல்லை, லாரி இல்லை. சென்னையிலிருந்து வரவேண்டிய டேப்பும் இல்லை. போராட்டம் நியாயம்தான் என்று தெருவில் வாதாடியவள் அமிர்தமே. அவள் தம்பி சின்னராசு எலவனாசூர்கோட்டை ரோட்டில் மறியலில் உட்கார்ந்திருந்தான். சோறு தின்ன வந்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் வேல கேட்டுக்கினு ரோட்ல குந்திக்கினு கீற. உங்க அக்கா வேல போவுதே, அத்த யாருடா கேக்கறது?"

"உனக்கும் சேத்துதாங்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவிக்கொண்டு போய்விட்டான். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் காலை முகம் கழுவிவிட்டு, கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த பொட்டை உரித்தாள். தினம் செய்கிறதுதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பவுடர் படிந்து மங்கிக் கிடந்த கண்ணாடியில் பொட்டு இருந்த இடம் மட்டும் பளிச்சென்று, அச்சு வட்டமாக இருந்தது. அமிர்தம் தலைகூட வாரவில்லை. வீட்டிலிருந்த பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினாள்.

அவசரக்காரி, அது வெல்வெட் பொட்டு என்பதை யோசிக்கவில்லை. மீன் கண்ணில் ஒட்டியதன்மேல் தின்னர் கலந்த வர்ணம் பட்டதும் சிவப்புச் சாயம் இளகிக் கண் முழுக்க இறங்கிவிட்டது.

"இன்னாம்மா இது, மீனுக்கு மெட்ராஸ் ஐ வந்துடுச்சா?" என்று சிவசங்கர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவள் மீனை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். நேரே அப்துல் ஜப்பாரின் வளையல் கடைக்குப் போனாள். மறியலுக்குப் பயந்து அவர் பாதிக் கதவுதான் திறந்திருந்தார்.

"பாய், வெல்வெட்டு வேணாம். கருப்பு, பிளாஸ்டிக்குல பளபளன்னு வருமே, அது குடுங்க. எத்தினி அட்ட இருக்குதோ அத்தினியும்."

"வூட்ல கல்யாணமாம்மா?"

"மீனுக்கு வெக்கணுங்க."

ஜப்பார் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் இருந்த அட்டைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

இந்தப் பொட்டு சாயம் விடவில்லை. ஆனால் வர்ணம் நன்றாகக் காய்ந்தபின் உரித்தால் ஓரம் பொரிந்தது, ஈரத்தில் உரித்தால் வர்ணம் கண்ணின்மேல் இழுசியது. தொட்டால் விரலில் ஒட்டாத, ஆனால் இன்னும் இறுகாத ஒரு பதம் இருந்தது. சாணி மெழுகிய களம் எப்போது நெல் தாங்கும் என்று கால் வைத்தே சொல்கிறவளுக்கு அந்தப் பதம் பிடிபட எவ்வளவு நேரமாகும்? நக நுனியால் நெம்பினாள். வட்டக் கண் ஒன்று அவளைப் பார்த்து மின்னியது. "அடி ஆத்தாடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் போட்டோ எடுக்க உட்கார்ந்திருந்தவர் அசைந்து படமே கெட்டுப்போயிற்று.

மறியல் முடிந்து வழி திறந்ததும் சென்னைக்காரர் தானே நேரில் வந்தார். ஒரு மீனை எடுத்துச் சிவசங்கரோடு கோமுகி அணைக்குப் போனார். மத்தியானம் திரும்பியபோது அவர் கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் தொங்கியது. அதை ஸ்டுடியோ வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே வந்து ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை.

"கண்ண மறைச்சது யாரு?"

சிவசங்கர் வாய் திறப்பதற்குள் அமிர்தம் எழுந்து நின்றாள்.

"நாந்தாங்க."

"மாசா மாசம் மீன் அனுப்பறேன் சார். ஆனா கண்ணு இவங்க கையாலதான் மறைக்கணும். இவங்க இல்லன்னா எனக்கு வேணாம்" என்றார் சென்னைக்காரர்.

அவர் போனபின் சிவசங்கர் தொண்டையைக் கனைத்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துடும்மா."

அமிர்தம் பொட்டு அட்டைகளை அடுக்கி மேசை இழுப்பறையில் வைத்தாள்.

"ஒம்பதுக்கு வரேங்க" என்றாள். "எட்டு மணிக்கு ஓடியாறதெல்லாம் கழனி வேலைக்கு."