சித்தப்பா பார்த்த ஆட்டங்கள்

சித்தப்பா பெயரில் ஓவிய மாணவர்களுக்கான முதல் உதவித்தொகை இன்று. வாங்க வந்த பெண் பென்சில் சீவினாள். அந்த வாசனையில் எனக்கு எட்டு வயதானது.

பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டே நெய்வார். எங்கள் தெருவில் டிவி கிடையாது. விக்கெட் விழுந்தால் தறி நிற்கும்.

“எப்படி அவுட்டானான்? வரைஞ்சி காட்டும்மா.”

வரைவேன். “இவன் இடதுகைக்காரன்மா. வலதுகையா போட்டுக்கினு இருக்கியே” என்பார். திருத்தியதும் பின்பக்கம் கிழமை எழுதவைத்து, தறிக்கம்பத்தில் ஒட்டிக்கொள்வார். நான் ஓவிய ஆசிரியையானது அந்தக் கம்பத்தில் தொடங்கியது.

“கிரிக்கெட் பைத்தியமா இருந்தவரு. இந்தப் பணத்த நம்ம ஊரு டீமுக்கே குடுத்துடலாம்கா” என்று பக்கத்தில் நின்ற தம்பி மறுபடி முணுமுணுத்தான்.

பத்திரப்படுத்திய படங்களை அவன் முன் வைத்தேன். “அப்போ அவர் பார்த்த ஆட்டமெல்லாம் இதான்டா.”

ஒவ்வொன்றாகப் புரட்டினான். பிறகு காசோலையை அவனே எடுத்துப்போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தான்.