மூன்று ஈத்தம்பழமும் ஒன்பதாவது பாடமும்

அஸர் தொழுகைக்கு வுழூச் செய்யும்போதுதான் முதலில் கண்டேன். வலது காலைக் கழுவி, கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் தேய்த்தேன். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. இடது காலும் அப்படித்தான். தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். ஈர வரம்பில் மிதித்த தடம் போல அந்தக் குழி இன்னும் கிடந்தது.

யாருக்கும் சொல்லவில்லை. நாவிதன்வெளிப் பக்கம் எங்கள் வயலில் அறுவடை நேரம். இரண்டு மாதத்தில் சோறு பிடிக்காமல், நான்கு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனேன். வைத்தியர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயின என்றார்.

இதை எழுதுவது என்னைப்போல மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கிறவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும். நான் சாதாரண தரம் (பதினோராம் வகுப்பு) வரைதான் படித்தவன். இது சுகமாகி வந்தவனின் கதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

டயலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்பவும் உடம்புக்குள் விடுவது) எனக்குத் திங்களும் வியாழனும் என்று கிடைத்தது. இந்த இரண்டு நாளும் முன்பு நான் ஸுன்னத்தான (கடமை இல்லாமல் விரும்பிப் பிடிக்கும்) நோன்பு பிடித்த நாட்கள். இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா (ஊசி போடுவதற்காக நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைப்பது) செய்தார்கள். அன்றிலிருந்து அந்த இடம் இரைகிறது. தொட்டால் உள்ளே தேன்கூடு இருப்பது போலத் தெரியும்.

ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ர் செய்வேன், தூங்குவேன், விழிப்பேன். மணிக்கூட்டைப் பார்த்தால் அரை மணித்தியாலம்தான் போயிருக்கும். என் மகள் சிஹானா ஒருநாள் தன் போனைக் கையில் தந்தாள்.

"வாப்பா, வெளிநாட்டு யூனிவர்சிட்டிப் பாடமெல்லாம் சும்மாவே படிக்கலாம். ஒண்டு எடுங்க."

பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தது. முதலில் விவசாயம். திறந்தால் எல்லாம் கோடும் கட்டமும். அதற்குக் கீழே அமெரிக்க வரலாறு. அதில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை மேசைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வது போலப் பேசினார். குவைத்தில் எட்டு வருடம் ஸ்டோர் வேலை செய்தவன் என்பதால் மெதுவாகப் பேசினால் எனக்கு ஆங்கிலம் விளங்கும். கீழே தமிழ் எழுத்தும் ஓடியது, பாதி பிழையாக. விளங்காததை மகள் சொல்லித் தந்தாள். ஒவ்வொரு பாடம் முடியவும் பத்துக் கேள்வி வரும். நாற்பது வருடத்துக்குப் பிறகு பரீட்சை எழுதினேன். முதல் பாடத்தில் பத்துக்கு நான்கு.

பள்ளிவாசலில் ஒரு கூட்டாளி பிடித்துக்கொண்டார். "பலஸ்தீனத்துல போடக் குண்டு குடுக்கிறவண்ட கதையப் படிச்சி என்ன செய்யப் போறீங்க?"

"எப்பிடி அந்த நெலைக்கு வந்தானெண்டு பாக்கத்தான்."

"அப்ப விசாவும் எடுத்திரிக்கீங்க போல."

சிரித்தோம். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வந்தது.

தம்பிலுவிலில் இருந்து வரும் ஒரு தாதி எனக்கு ஊசி ஏற்றுவார். அவரிடம் பாடத்தில் கேட்டதை ஒப்புவிப்பேன். அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதிக்குக் கடைசியில் தொண்டை நோய் வந்தது, வைத்தியர்கள் நோய் தீரும் என்று நம்பி அவருடைய இரத்தத்தைத் திரும்பத் திரும்ப வெளியே எடுத்தார்கள், அதே நாளில் உயிர் போய் மௌத்தானார் என்று சொன்னேன்.

"எடுத்தத் திருப்பிக் குடுக்கல்ல மிஸி, அதான் பிழை."

"நாங்க துளி குறையாமத் தருவம். கைய ஆட்டாம வைங்க, ஜனாதிபதி."

அதற்குப் பிறகு அந்த வார்ட்டில் என் பெயர் ஜனாதிபதி.

இந்த இடத்தில் என் தங்கை றமீசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தருவதாக அவள்தான் முன்வந்தாள். அவள் கணவரும் சம்மதித்தார். பரிசோதனை எல்லாம் பொருந்தி வந்தது. நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாவது கிழமை ஒப்பரேஷன் என்று நாள் குறித்தார்கள். அதுவரை உடம்பைப் பழுதாகாமல் வைத்திருப்பது ஒன்றுதான் என் வேலை. சாப்பிடக் கூடாதவை எழுதிய தாளைத் தந்தார்கள். மனைவி அதைப் பிரிட்ஜில் ஒட்டினாள்.

றமழான் வந்தது. என்னைப் போன்ற நோயாளி நோன்பு பிடிக்கத் தேவையில்லை, பித்யா (விட்ட நோன்புக்குப் பகரமாக ஏழைக்குக் கொடுக்கும் உணவு) கொடுத்தால் போதும் என்று மௌலவி விளக்கமாகச் சொல்லியிருந்தார். மனைவி அரிசி அளந்து கொடுத்துவிட்டாள். நானும் ஏற்றுக்கொண்டேன்.

ஒன்பதாவது பாடம் அடிமைகளைப் பற்றியது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுபோனவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள் என்று பேராசிரியை சொன்னார். தோட்டத்தில் சாட்டைக்குக் கீழே வேலை செய்துகொண்டே சிலர் தொழுதார்கள், நோன்பு பிடித்தார்கள், மனனமாக இருந்த குர்ஆன் ஆயத்துக்களைக் கிடைத்த தாளில் அரபியில் எழுதி வைத்தார்கள் என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்.

நான் போனை நிறுத்திவிட்டேன்.

"ஏன் வாப்பா? விளங்கல்லயா?"

"விளங்கிற்று மகள்."

அன்று வியாழன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நாளைக்கு நோன்பு பிடிக்கப் போகிறேன் என்றேன்.

"மௌலவி வேணாமெண்டாரே!"

"காலுல வெலங்கோட இருந்த அடிமையே புடிச்சிரிக்கான். நான் மெத்தையில படுத்திட்டு விடுறதா?"

எங்கள் வீடுகளில் நோன்பு பிடிக்கிறேன் என்பவரைத் தடுக்க யாருக்கும் நாக்கு வராது. "மிஸிட்டயாவது கேளுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நோன்பும் பிடித்தேன். பசி ஒன்றும் செய்யவில்லை. பிழை பொழுது பட்ட பிறகு மஃரிபில் நடந்தது. நோன்பு திறக்க மூன்று ஈத்தம்பழம் (பேரீச்சம்பழம்), ஒரு கிளாஸ் செவ்விளநீர், பிறகு கஞ்சி. பல மாதமாக வாயில் வைக்காதவை. பழமும் இளநீரும் அந்தத் தாளில் முதல் இரண்டு வரியில் இருந்தன. பகல் முழுதும் ஒன்றும் போகாத உடம்புக்கு இது என்ன செய்யும் என்று நினைத்தேன். பட்டினி கிடந்த நேரத்தை இதற்குக் கழித்துக்கொள்ளலாம் என்றே நினைத்தேன். மனைவியும் அப்படித்தான் நினைத்தாள். எங்கள் இருவருக்கும் அந்த மூன்று மாலையும் பெருநாள் போல இருந்தது.

ஞாயிறு மஃரிப் தொழுகையில் இரண்டாவது ரக்அத்துக்கு எழும்ப முடியவில்லை. கால் இருந்தது, பலம் இல்லை. நெஞ்சு ஒருதரம் அடித்து, யோசித்து, பிறகு அடித்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

பொட்டாசியம் (பழங்களிலும் இளநீரிலும் கூடுதலாக இருக்கும் உப்பு, சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இதயத்தையே நிறுத்திவிடும்) கூடி என் இதயம் நின்றுபோனது. வைத்தியசாலையில் நெஞ்சை அமுக்கி எழுப்பினார்கள். ஆறாம் நாள்தான் முழு நினைவு வந்தது.

வைத்தியர் கட்டிலடியில் வந்து நின்றார்.

"தாள் ஒண்டு தந்தனாங்கள்தானே?"

"ஓம் டொக்டர்."

"வாசிச்சனீங்களா?"

"ஓம். பிரிட்ஜில ஒட்டியிரிக்கி."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதயத் தசை பலமிழந்துவிட்டது, ஒப்பரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் எழும்பமாட்டேன், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை இனி இல்லை என்றார். பிறகு பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

றமீசா இரண்டு நாள் வரவில்லை. வந்தபோது கண் வீங்கியிருந்தது.

"காக்கா, நான் எண்ட உடம்புல ஒரு உறுப்பத் தாறனெண்டன். நீங்க மூணு ஈத்தம்பழத்தக் கைவிடமாட்டீங்களா?"

நோன்பைக் குற்றம் சொல்லவும் முடியாது, பாடத்தில் வந்த அந்த அடிமைகளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர்களுக்கு யாரும் சலுகை கொடுக்கவில்லை. எனக்கு அல்லாஹ் கொடுத்திருந்தான். அதை வாங்காமல் தள்ளியது நான். வணக்கம் என்று நினைத்துச் செய்ததில் என் பெருமையும் கலந்திருந்ததோ என்று இப்போது பயமாக இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் என் நிலையில் இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மார்க்கத்துக்கு எதிரான தாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

மகள் அந்தப் பாடத்தைப் போனிலிருந்து அழிக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். பாடத்தில் பிழை இல்லை. இரண்டு மாதம் கழித்துத் திரும்பத் தொடங்கினேன். போன கிழமை பதின்மூன்றாவது பாடம். யுத்தம் முடிந்து அடிமைகளுக்கு விடுதலை வந்த வருடம். பேராசிரியையின் குரலே கொஞ்சம் உயர்ந்தது. நான் அதற்கு முந்தின வருடத்தில் மௌத்தானவர்களை நினைத்தேன். அது முந்தின வருடம் என்று அவர்களுக்குத் தெரியாது. படிக்கிற நமக்குத்தான் தெரியும். கேள்விகளில் பத்துக்கு ஒன்பது சரி. மகளிடம் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மொத்தம் இருபத்துநான்கு பாடம். முடிப்பேன் என்று எழுத எனக்குத் துணிவில்லை. அடுத்த வருடம் என்ற சொல்லை வீட்டில் யாரும் பாவிப்பதில்லை. எங்களிடம் இருப்பது திங்களும் வியாழனும்தான்.

இப்போது நிற்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டி, வலது கையை இடது மணிக்கட்டின் மேல் வைக்கும்போது அந்த இரைச்சல் உள்ளங்கைக்குள் வரும். நாற்பது வருடம் கை கட்டித் தொழுதிருக்கிறேன். என் இரத்தம் ஓடுவதை ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போது ஓதுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கிறேன். கைக்குக் கீழே ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மட்டும் ஆரம்பிக்கிறேன்.