பூ வைக்கக் கூடாத வேலை

பெட்டியைத் திறந்தால் மீன் கூடை வாசம் வரும் என்றுதான் நினைத்தேன். ஈர மரத்தூள் வாசம்தான் வந்தது... ஐஸ் குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே கண்ணாடி பாட்டில்களில் கடல் தண்ணீர். நான் கடலையே பார்த்ததில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்காகக் கடல் ரயிலேறி சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கியது.

எண்பதுகளின் தொடக்கம். சூரமங்கலத்தில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். லோடு இறக்கப் போனவர், வண்டியோடு கவிழ்ந்து... உடம்புதான் வந்தது.

அதற்கப்புறம் தெருவில் நான் எதிரே வந்தால், ஆட்கள் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். பக்கத்து வீட்டு பாப்பாத்தியக்கா மட்டும் நேராகவே கேட்டுவிடும்.

"கண்ணு, பையன் இன்டர்வியூக்குப் போறான். செத்த நேரம் ஊட்டுக்குள்ளயே இரு சாமி."

கோபமாகச் சொல்லாது. கெஞ்சும். அதுதான் இன்னும் வலிக்கும்.

எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்த வசந்தா, ஒரு காலேஜில் கடல் தண்ணீரை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பாட்டில் கழுவ ஆள் தேடி ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"பூ வெக்கக் கூடாதுங்க்கா. மஞ்சள், பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் ஆகாது. வந்தவங்க எல்லாம் ஒரு வாரத்துல நின்னுட்டாங்க."

"அப்ப எனக்குன்னே ஒதுக்கி வெச்ச வேலை, அம்மிணி" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துப்போயிற்று.

நான் மூணாவது வரை படித்தவள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். மீனும் பாசியும் விடுவது, செத்து மக்குவது எல்லாம் பொடியிலும் பொடியாகக் கடலில் கரைந்து கிடக்குமாம். கண்ணுக்குத் தெரியாது. அது எவ்வளவு என்று மெஷினில் விட்டு அளக்கிறாளாம்.

"நம்ம விரல் ஒருக்கா பட்டாப் போதுங்க்கா. கடல்ல இருக்கறதக் காட்டாது, நம்ம வேர்வையத்தான் காட்டும்."

அதனால் ரப்பர் கிளவுஸ் போட்டு, பாட்டில்களை ஆசிட்டில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, சூளை மாதிரிச் சூடேறும் பெட்டியில் வாட்டி, வாயை மூடி வைப்பேன்.

ஒரு நாள் காலேஜ் ஆபீசில் வேலை செய்த புதுக் கல்யாணப் பெண், தலை நிறைய மல்லியோடு லட்டுத் தட்டு எடுத்து வந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தாள். பழக்கத்தில் நானே ஒதுங்கப் போனேன்.

உள்ளேயிருந்து வசந்தா கத்தினாள். "ஏய், நீ அங்கியே நில்லு! பூவோட உள்ள வந்துறாத! அக்கா, நீங்க வாங்க."

"ஏன்டி, நான் என்ன தீட்டா?" என்றாள் புதுப்பெண்.

"இந்த ரூமுக்கு நீதான்டி தீட்டு!"

மூன்று பேரும் சிரித்தோம். அவளைத் தாண்டி நான் உள்ளே போனேன்.

இன்னொரு நாள், நான் கழுவிய பாட்டிலில் வெறும் வடித்த தண்ணீரை ஊற்றி மெஷினில் விட்டுப் பார்த்தாள். மெஷினின் பேப்பரில் பேனாக் கோடு எங்கேயும் எழும்பாமல் நேராகப் போனது.

"சுத்தமா ஒண்ணுமே இல்லீங்க்கா!" என்று துள்ளினாள்.

நல்ல சேதிதான். பாட்டில் அத்தனை சுத்தம் என்று அர்த்தம். ஆனால் எனக்கு... அவர் சட்டையைத் துவைத்த கை இது. கடைசியாக அவர் முகத்தைத் தடவின கை. எங்கேயாவது துளி ஒட்டிக்கொண்டிருப்பார், மனுசருக்குத் தெரியாவிட்டாலும் அந்த மெஷினுக்குத் தெரியும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

குழாயடிக்குப் போய் அழுதேன்.

படிப்பு முடிந்து வசந்தா ஊரைவிட்டுப் போனாள். என் வேலையும் அதோடு முடிந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். போன மாதம் மருமகளே என் தலையில் பூ வைத்துவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதுதான்... பார்க்க வேண்டியவர்தான் இல்லை.

அவர் இருந்திருந்தால் அந்த ரூமே எனக்கு வேண்டியிருக்காது. ஆனால் அவர் போன பிறகு, நான் வந்தால்தான் காரியம் தொடங்கும் என்று இருந்த இடம் சேலத்திலேயே அது ஒன்றுதான். கதவைத் தள்ளுவேன். வசந்தா தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

"வந்துட்டீங்களாக்கா... ஆரம்பிச்சர்லாம்."