மூன்றாவது குரல்

அக்கா வீட்டுச் சாமி மேடையில், முருகன் படத்துக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவில், உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் பெட்டி இருக்கிறது. காட்டு மரத்தில் கட்டி வைத்துச் சத்தங்களைப் பதிவு செய்யும் கருவி அது. பேட்டரியை எப்போதோ எடுத்துவிட்டோம். ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் அக்கா அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறாள்.

அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு சுங்கைப் பட்டாணி டவுனுக்கு வந்த பிறகு, மாமாவுக்கு ஃபேக்டரி வேலை ஒத்துவரவில்லை. பல்கலைக்கழகத்து சார் ஒருவர் பாலிங் பக்கத்துக் காப்புக்காட்டில் பறவைகளின் சத்தத்தை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவரிடம் மாமா சேர்ந்துகொண்டார். சாமான் தூக்குவது, மரத்தில் பெட்டி கட்டுவது, பேட்டரி மாற்றுவது அவர் வேலை. காட்டு முகப்பில் இருக்கும் முனீஸ்வரருக்குச் சூடம் கொளுத்தாமல் மாமா உள்ளே கால் வைத்ததில்லை. சாரும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கூட நிற்பாராம்.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விளக்கு வைத்த பிறகு வாசலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் கதவைத் திறக்க வேண்டும். வேண்டாதது எதுவும் மூன்று தடவை கூப்பிடாது என்பார் அம்மா. டவுனுக்கு வந்தும் அக்கா அதை விடவில்லை. மாமாவும் கேட்டில் நின்று மூன்று தடவை "புள்ள!" என்று கத்துவார். பக்கத்து வீட்டிலிருந்து நான் எட்டிப் பார்த்தால், "மூணு மணி அடிச்சாத்தான் உங்கக்கா நடை தொறப்பா தம்பி. கோயிலே தோத்துச்சு லா!" என்பார். "அந்த சாமியே வந்தாலும் மூணுதான்!" என்று உள்ளேயிருந்து அக்கா பதில் கொடுப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் மாமா பேட்டரி மாற்றத் தனியாகப் போனார். ஆறு பெருகிவிட்டது. முனீஸ்வரர் மரத்தடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. கல்லின் மேல் சூடக் கரி இருந்தது. மாமா இல்லை. போலீஸ் தேடியது, காட்டு இலாகா ஆட்கள் தேடினார்கள், சார் காலெல்லாம் புண்ணாகும்வரை நடந்தார். கடைசியில் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஆத்தோட போனவன் எங்கம்மா வரப்போறான்? காரியத்த முடிச்சுத் தாலிய எறக்கிடணும். இல்லன்னா அவன் ஆத்மா அலையும்," என்றார் பெரியப்பா. நாளும் குறித்தாயிற்று. அக்கா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

காரியத்துக்கு முந்தின நாள், தண்ணீர் வடிந்து பெட்டிகளைச் சேகரித்திருந்த சார், லேப்டாப்போடு வந்தார். பேட்டரி தாங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பெட்டியும் மணிக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் மட்டும் கேட்டுவிட்டுத் தானாக அணைந்துவிடுமாம். கையிலிருந்த பச்சைப் பெட்டியின் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். முதலில் இலைகளிலிருந்து நீர் சொட்டும் சத்தம், பிறகு பூச்சிகளின் இரைச்சல். திடீரென்று பூச்சிகள் அத்தனையும் ஒன்றாக அடங்கின. பெட்டியில் வாயை வைத்துக் கூப்பிட்டது போல அத்தனை பக்கத்தில், "புள்ள!"

மறுபடியும், "புள்ள!"

அத்தோடு சத்தம் நின்றது. "பெட்டியோட நேரம் முடிஞ்சிருச்சு," என்றார் சார். "தேடுறத நிறுத்தின மறுநாள் சாயங்காலம் பதிவானது இது. இன்னிக்குக் காலையிலயும் அந்த மரத்தச் சுத்தித் தேடிட்டுத்தான் வர்றேன். சேத்துல ஒரு கால்தடம்கூட இல்ல."

"அது அவன் இல்லம்மா. வேற என்னமோ," என்றார் பெரியப்பா மெதுவாக.

அக்கா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு தடவதான கூப்பிட்டிருக்காரு. இன்னும் ஒண்ணு இருக்கு பெரியப்பா. அதுக்குள்ள எப்படி எறக்குவேன்?"

காரியம் நின்றது. சார் அந்தப் பெட்டியை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார். வருஷங்கள் ஓடிவிட்டன. தாலி இன்னும் அவள் கழுத்தில்தான் இருக்கிறது. அது சரியா தவறா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. முருகனிடம் விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை நல்ல மழை. விளக்கு வைக்கும் நேரத்தில், கோயில் பிரசாதத்தோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "அக்கா!" என்றேன். மழை இரைந்தது. "அக்கா!" பிரசாதப் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த குரல் கொடுப்பதற்குள் தாழ்ப்பாள் விலகியது.

அவள் முகத்தை அப்படி மலர்ச்சியாகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! "என்னக்கா, ரெண்டுக்கே தொறந்துட்ட?" என்றேன்.

"மூணு கேட்டுச்சே," என்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "நனையாதீங்க, உள்ள வாங்க," என்றாள். என்னை அவள் ஒருநாளும் வாங்க என்றதில்லை.

சாமி மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பச்சைப் பெட்டியில் அன்று வைத்த குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கதவோரமாக ஒதுங்கி வழி விட்டேன்.