அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய சாப்பாடு

தொண்ணூறுகளின் நடுவில், தில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, நான் ஒன்பதாம் வகுப்பு படித்த குளிர்காலம் அது. எங்கள் தமிழ்ப் பள்ளியில் மனையியல் சொல்லிக்கொடுத்த மேடம், எங்கள் வகுப்புப் பெண்கள் முப்பது பேருக்கும் ஒரு வேலை கொடுத்தார். ஏழு நாள், காலை முதல் இரவு வரை என்ன சாப்பிட்டோமோ அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். ஒரு லேடி டாக்டர் வந்து பார்ப்பார். யாருக்குச் சாப்பாடு போதவில்லையோ அவளுக்கு அந்த வருஷம் முடியும்வரை தினமும் இடைவேளையில் ஓர் அவித்த முட்டையும் ஒரு டம்ளர் பாலும் பள்ளியிலேயே கிடைக்கும்.

முட்டை என்று கேட்ட பிறகு மேடம் சொன்ன வேறெதுவும் என் காதில் விழவில்லை.

எங்கள் வீட்டில் முட்டை வாங்காமல் இல்லை. ஆனால் அது அண்ணனுக்கு. அவன் பன்னிரண்டாம் வகுப்பு, அவனுக்கு மூளை வளர வேண்டும். என் மூளை எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, தட்டில் வைத்துக் காட்டினார்கள். எனக்குக் காலையில் டீயும் ரஸ்க்கும். மத்தியானத்துக்கு டப்பாவில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. ராத்திரி ரசம் சாதம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு உண்டு. அதில் குழம்பு எனக்கு, கறி அப்பாவுக்கும் அண்ணனுக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முந்தின வருஷம் நான் வயதுக்கு வந்தபோது பதினாறு நாள் எனக்கு ராஜ உபசாரம் நடந்தது. உளுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று வேண்டாம் வேண்டாம் என்றாலும் வாயில் ஊற்றினார்கள். பதினேழாம் நாள் முட்டை பழையபடி அண்ணன் தட்டுக்குத் திரும்பிவிட்டது. ஒரு பெண்ணுக்கு ஆயுசு முழுக்க வேண்டிய சத்தைப் பதினாறே நாளில் ஏற்றி முடித்துவிடலாம் என்று நம்பிய ஜனங்கள் நாங்கள். அதற்குப் பிறகு விலக்குகள்தான். பப்பாளி சூடு, தயிர் குளிர்ச்சி, வேர்க்கடலை பித்தம், கத்திரிக்காய் சொறி. எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது சோறு.

வெளியே தள்ளுவண்டிகளில் வெந்தயக்கீரையும் பாலக் கீரையும் செக்கச்செவேலென்ற கேரட்டும் மலைபோல் குவிந்துகிடக்கும். அம்மா விருதுநகர்ப் பக்கம். அவளுக்குக் கீரை என்றால் முருங்கைக்கீரை. முதல் வருஷம் தேடிப்பார்த்தாள், கிடைக்கவில்லை. தில்லியில் கீரையே கிடையாது என்று முடிவு செய்துவிட்டாள். வண்டிக்காரர் 'பஹன்ஜி, தாஜா பாலக்' என்று வாசலில் கத்தும்போதுகூட அந்த முடிவை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் நாள் ராத்திரி நான் உண்மையைத்தான் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதையா அந்த டாக்டரம்மா படிக்கப்போறா? நாளைக்கு உங்கப்பா ஆபீஸ்ல தலை நிமுந்து நடக்கணுமா வேண்டாமா?"

அப்பாவின் ஆபீசுக்கும் என் ரஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அடி விழும். அம்மா பக்கத்தைக் கிழித்துவிட்டு எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். காலையில் பால், அவித்த முட்டை ஒன்று, ஆப்பிள் ஒன்று. இப்படி எழுதினால் எனக்கு முட்டை கிடைக்காதே என்றேன்.

"பள்ளிக்கூடத்துல கையேந்தி முட்டை வாங்கித் திங்கிற அளவுக்கு நம்ம வீடு ஒண்ணும் கெட்டுப்போகல. எழுது."

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். எங்கள் வீட்டில் கூழுக்கு நான், மீசைக்கு அம்மா. மீசை ஜெயித்தது.

அம்மா மட்டும் இல்லை. காலையில் பால் பூத் வரிசையில் எல்லா அம்மாக்களும் சந்தித்துக்கொள்வார்கள். மாடி வீட்டு அம்மாள் தன் மகள் நோட்டில் முந்திரி போட்டதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அன்றைக்கே என் நோட்டில் பாதாம் ஏறியது. மறுநாள் அங்கே பிஸ்தா. வியாழக்கிழமைக்குள் நான் மூன்று வகை மீன் சாப்பிட்டிருந்தேன். சைவக்காரப் பெண் ஒருத்தி மூன்று வேளையும் ஃப்ரூட் சாலட்டே சாப்பிட்டிருந்தாள். பாவம், அவள் அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆனால் அந்த வாரம் எங்கள் குடியிருப்பில் ஏட்டில் காய்க்காத காய் இல்லை.

எங்கள் வகுப்பில் ஒரே ஒருத்தி மட்டும் தானாக எழுதினாள். அவள் என் பெஞ்சுக்காரி. அவள் அம்மா நாகர்கோவில்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து அவர் வரும் நேரத்தில் இவள் பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். அப்பா ராணுவத்தில், எல்லையில் எங்கேயோ. பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். காலை டீ. மத்தியானம் நேற்றைய சோறு, ஊறுகாய். சாயங்காலம் பள்ளி வாசலில் விற்கும் புளிப்புச் சூரன் பொடி. ராத்திரி பிரெட்டும் சீனியும். புதன்கிழமை ராத்திரிக்கு நேரே 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தாள். இப்படியா எழுதுவார்கள், உன் மம்மியைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நான் பெரிய மனுஷியாக அதட்டினேன்.

"சாப்பிட்டத எழுதச் சொன்னாங்க, எழுதினேன்" என்றாள்.

சரியான மக்கு என்று நினைத்தேன்.

டாக்டர் வந்தார். ஹிந்திக்காரர். மேடம் நோட்டுகளைப் படித்து ஹிந்தியில் சொல்லச் சொல்ல அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். எல்லாம் வெளுத்துக் கிடந்தன. என் முறை வந்தபோது நோட்டை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்து ஏதோ கேட்டார். நிஜமாகவே இதெல்லாம் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார், பயப்படாமல் சொல் என்றார் மேடம்.

அம்மா அங்கே இல்லை. ஒரு 'இல்லை' சொல்லியிருந்தால் அந்த முட்டை எனக்கு. வகுப்பே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா மேடம். ராத்திரி பாதாம் பாலும் உண்டு. எழுத விட்டுப்போச்சு" என்றேன்.

அது அம்மா சொல்லிக்கொடுக்காதது. நானே சேர்த்தது.

டாக்டர் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். இத்தனை சாப்பிட்டும் உடம்பில் ஒட்டவில்லை என்றால் காரணம் வயிற்றில் பூச்சிதான். இருபத்தொன்பது பேருக்கும் அங்கேயே பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். ஒருத்திக்கு மட்டும் முட்டையும் பாலும்.

வீட்டில் சொன்னதும் அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. பசி என்று பெயர் வாங்குவதைவிடப் பூச்சி என்று பெயர் வாங்குவது கேவலம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஒரு வாரம் வெறும் வயிற்றில் வேப்பிலையை அரைத்து உருட்டிக் கொடுத்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் தின்ற ஒரே பச்சை இலை அதுதான்.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் இடைவேளையில் பியூன் ஒரு தட்டில் முட்டையும் டம்ளரில் பாலும் கொண்டுவந்து என் பெஞ்சில் அவள் முன்னால் வைப்பார். நாங்கள் இருபத்தொன்பது பேரும் உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டே அவளைக் கேலி செய்தோம். 'முட்டை மகாராணி' என்று பெயர் வைத்தது நான்தான். பிப்ரவரிக்குள் அவள் உதடு சிவந்துவிட்டது. நான் ஒருநாள் காலைப் பிரேயரில் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு இடைவேளையில் அவள் முட்டையை இரண்டாகப் பிளந்தாள். உப்பும் மிளகும் தூவி, பாதியை என் பக்கம் நகர்த்தினாள்.

"இந்தா, பாதி நீ எடுத்துக்கோ."

"வேண்டாம். எங்க வீட்ல தினம் இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் வீடுகளில் யாராவது எதையாவது கொடுத்தால் முதல் தரம் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தரம் வேண்டாம் என்பது வழக்கம். மூன்றாம் தரம் கையை நீட்டுவோம். கொடுப்பவருக்கும் இது தெரியும், அதனால் விடாமல் கேட்பார்கள். எனக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டாவது தரம் கேட்டாலே எடுத்துக்கொள்வது என்று முடிவுசெய்து காத்திருந்தேன்.

ஆனால் அவள் சாப்பிட்டதைச் சாப்பிட்டதாக எழுதியவள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

"அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு அந்தப் பாதியையும் சாப்பிட்டாள்.