அறுபது ஃபிரேம்

இது நிஜமாகவே நடந்தது. போன ஏப்ரலில், பட்டப்பகலில், ஜெஸ்லினுக்கு நடந்தது. நம்பாதவர்களை வற்புறுத்தவில்லை. ஆனால் ஜெஸ்லின் கதை கட்டுகிற பெண் அல்ல. ஒன்பது வருடமாகத் தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். கூப்பிட்டால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவாள். அன்றிலிருந்து எந்தக் கதவையும் அவள் முழுதாகச் சாத்துவதில்லை. குளியலறைக் கதவைக்கூட.

போன் செய்தவன் ரெக்ஸ். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை. வீடு மணப்பாட்டில். அண்ணனுடைய சிஸ்டம், விலை கூடின கிராபிக்ஸ் கார்டு, ஆனாலும் கேம் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது என்றான். தான் ஷிஃப்டில் இருப்பேன், வீட்டில் அம்மா இருப்பார்கள், மாடி அறையில் மட்டும் போனுக்கு டவர் கிடைக்காது என்றும் சொன்னான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி 2.40. ரெக்ஸின் அம்மா விக்டோரியா மாடிக்குக் கூட்டிப்போய் ஏசியைப் போட்டுவிட்டார். கோயிலைக் கூட்டிப் பெருக்க அன்று தன் முறை, நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திரையில் வெயில் அடிக்காமலிருக்க அறையின் ஒரே ஜன்னலில் பிளைவுட் அடித்திருந்தார்கள். வெளியே காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வேலை பார்க்கும்போது உள்ளே மணல் விழக் கூடாதென்று ஜெஸ்லின் கதவைச் சாத்தினாள்.

ஹெட்செட்டை மாட்டி, கார் பந்தய கேமை ஓட்டிப் பார்த்தாள். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று சொல்லும் ஃபிரேம் எண் மூலையில் 11 என்று காட்டியது. 60 வந்தால்தான் திக்கல் முழுதாகப் போகும். கார் நகர்ந்தது, நின்றது, குதித்தது. சத்தமும் துண்டு துண்டாக வந்தது. ட்ர்... ட்ர்... அந்தத் துண்டுகளுக்கு நடுவே வேறு ஏதோ ஒன்றும் கேட்டது. '...ம்...' என்று.

பெட்டியைக் கழற்றினாள். ஃபேன் முழுக்க உப்புக் காற்றின் துரு. துடைத்தாள். பிராசசர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினாள். 3.12-க்கு மறுபடி ஓட்டினாள். 24.

'...ம்மா...'

ஆன்லைனில் யாரோ விளையாடுகிறார்கள் போலும் என்று நினைத்தாள். இன்டர்நெட்டைத் துண்டிக்கப் போனவள் பெட்டியின் பின்னால் பார்த்தாள். இன்டர்நெட் வயர் பிடுங்கிக் கிடந்தது.

மானிட்டர் வயரும் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, மதர்போர்டில் சொருகியிருந்தது. இதுதானா விஷயம் என்று மாற்றிச் சொருகினாள். 3.26. எண் 45-க்கு ஏறியது. கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

'...மூச்சு... தவ... டு...'

ஆண் குரல். சின்ன வயசுக் குரல்.

ஹெட்செட்டைக் கழற்றப் போனாள். ஆனாலும் தொட்ட வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை அவளுக்கு. கரன்ட் மிச்சம் பிடிக்கும் செட்டிங்கில் இருந்ததை மாற்றினாள். 3.31.

எண் 60. ஒரு திக்கல் இல்லை.

குரலிலும் இல்லை.

"அம்மா, மூச்சு முட்டுது. கதவ விடு. யாரு பிடிச்சிருக்கது? கதவ விடு."

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். அந்த நொடியில் கரன்ட் போனது. ஏசி நின்றது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பீப்... பீப்...

திரை வெளிச்சத்தில் கதவுக்கு ஓடினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. வெறும் கைப்பிடிதான். இழுத்தாள். வரவில்லை. காற்றில் வெளித்தாழ்ப்பாள் விழுந்திருக்கும் என்று நினைத்தாள்.

இன்னொரு முறை, காலை ஊன்றி இழுத்தாள்.

கதவு ஒரு விரல் அளவு திறந்தது. வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

பிறகு... யாரோ இழுத்ததுபோல மூடிக்கொண்டது.

டப்.

கத்தினாள். ஆன்ட்டி, ஆன்ட்டி என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். கீழே யாருமில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. காற்று கனத்துக்கொண்டே வந்தது.

3.44. யூபிஎஸ்ஸும் ஓய்ந்தது. கதவடி இடுக்கைத் தவிர எங்கும் கும்மிருட்டு.

தரையில் படுத்து, கதவடி இடுக்கில் வாயை வைத்து மூச்சு வாங்கினாள். இடுக்கு வழியே மொட்டை மாடி தெரிந்தது. வெயில். மணல்.

கால்கள் இல்லை.

ஒருவர்கூட இல்லை.

ஆனால் கைப்பிடி மட்டும் அவள் தலைக்கு மேல் மெல்ல ஆடியது. கிரீச்... கிரீச்...

முதுகுக்குப் பின்னால், கரன்டே இல்லாத ஹெட்செட்டில், யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள்.

வீஸ்...

வீஸ்...

3.58-க்குப் படியில் செருப்புச் சத்தம். கதவு லேசாக அவள் தோளில் இடித்துத் திறந்தது. விக்டோரியா ஒரு கையால்தான் தள்ளியிருந்தார். மறுகையில் காப்பி டம்ளர்.

"ஏளா, என்ன தரையில கெடக்க?"

வெளியே தாழ்ப்பாள் விழுந்துவிட்டது, அரை மணி நேரமாகக் கத்துகிறேன் என்று ஜெஸ்லின் திக்கித் திணறிச் சொன்னாள். விக்டோரியா காப்பியைக் கீழே வைத்தார். பிறகு கதவின் வெளிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

அங்கே தாழ்ப்பாள் இல்லை. பூட்டு இல்லை. கொண்டியும் இல்லை. நாலு ஆணி ஓட்டைகளை மக்குப் பசை வைத்து அடைத்திருந்தது.

"மூத்தவன் மரியான் இதுக்குள்ளதான் உசுர விட்டான்" என்றார் விக்டோரியா. "போன வருசம். வீசிங் உண்டு அவனுக்கு. கரன்ட் போயிட்டு. கதவு சாத்திக்கிட்டு. நாங்க வந்து பாக்கும்போது கதவு தெறந்துதான் கெடந்துச்சு, அவன் இங்கனயே நகமெல்லாம் பேந்து கெடந்தான். காத்துல தாழ்ப்பாள் விழுந்து, பொறவு தானா வெலகியிருக்கும்னு எல்லாரும் சொன்னாவ. அடக்கம் முடிஞ்ச அன்னைக்கே நான்தான் கழட்டி கடல்ல எறிஞ்சேன்."

ஜெஸ்லின் ஹெட்செட் கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். காதில் கேட்டதை அவரிடம் எப்படிச் சொல்வது?

விக்டோரியாவின் விரல் அந்த நாலு ஓட்டைகள் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. கடைசி ஓட்டையில் நின்றது.

"பிள்ள..." என்றார். "அப்போ அன்னைக்கும்... தாழ்ப்பாள் விழல."